வீட்டுப் பாட்டில்

என் வேலை கிருமி வளர்ப்பது. நாய் வளர்க்கிறேன், மீன் வளர்க்கிறேன் என்பவர்களிடம் ஜனங்கள் ஆசையாக நெருங்கி வருவார்கள். நான் என் வேலையைச் சொன்னால் எதிரில் இருப்பவர் அரை அடி பின்னால் போவார். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன், ஒருத்தர்கூட முன்னால் வந்ததில்லை. நீச்சல் குளம், நீரூற்று, பெரிய கட்டடங்களின் மாடியில் ஏசிக்காக ஓடும் தொட்டி என்று ஊரில் தண்ணீர் நிற்கிற இடத்திலிருந்தெல்லாம் எங்கள் ஆய்வகத்துக்குப் பாட்டில்கள் வரும். தண்ணீரை வடிகட்டி, வடிகட்டிய தாளைக் கரி கலந்த கறுப்புத் தட்டில் பரப்பி, சூடான பெட்டிக்குள் வைத்துவிட்டு நான் காத்திருப்பேன். நாலைந்து நாளில் முளைப்பதுதான் அந்தத் தண்ணீரின் ஜாதகம்.

முளைக்க வைப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. முளைத்ததன் மரபணுவைப் படித்து, அது யார், யாருக்குச் சொந்தம் என்று சொல்வது இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் இன்னொரு ஆய்வகம். இதற்குக் கூட்டு ஆராய்ச்சி என்று பெயர். கூட்டுக் குடும்பத்தில் என்னென்ன சண்டை உண்டோ அத்தனையும் இதிலும் உண்டு. அங்கே மரபணு படிக்கும் ஆசாமிக்கு நான் வைத்த பெயர் 'அவசரம்'. ஃபோனை எடுத்தால் "மேடம், கொஞ்சம் அவசரம்" என்றுதான் ஆரம்பிப்பார். "கிருமிகிட்ட சொல்லிப் பாருங்க சார், கேட்டாலும் கேக்கும்" என்பேன் நான். இரண்டு வருடமாக நேரில் பார்க்காமலேயே திட்டிக்கொண்டிருந்தோம்.

முதல் வருடம் ஒரு தொகுப்பில் எல்லாப் பாட்டிலிலும் ஒரே கிருமி வந்தது. உங்கள் கை சுத்தமில்லை என்றார் அவர். உங்கள் மெஷின் சுத்தமில்லை என்றேன் நான். மூன்று வாரம் பேச்சுவார்த்தை கிடையாது. கடைசியில் எங்கள் ஆய்வகத் தலைவி ஒரு விதி போட்டார். ஒவ்வொரு தொகுப்பிலும் இரண்டு ஆய்வகமும் தங்கள் சொந்தக் குழாயிலிருந்து ஒரு பாட்டில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றிலும் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் எந்த இடம் என்பது வளர்க்கிற எனக்குத் தெரியக் கூடாது.

"ஊர் நாறுதுன்னு சொல்றதுக்கு முன்னாடி நம்ம வீட்டை மோந்து பாத்துக்கணும்" என்றார் தலைவி. அதிலிருந்து அதற்கு வீட்டுப் பாட்டில் என்று பெயர். இந்த இரண்டு வருடத்தில் எங்கள் வீட்டுப் பாட்டிலில் ஒரு புள்ளி முளைத்ததில்லை. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இந்தப் பெருமையோடு நான் திரிந்துகொண்டிருந்த நாளில்தான் அத்தானுக்குக் காய்ச்சல் வந்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். குழாய் வேலை செய்பவர். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் சுவரில் காதை வைத்துத் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று கேட்பார். நான் டாக்டருக்குப் படிக்கவில்லை என்று நூறு முறை சொல்லியும் என்னை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார். அக்கா செடி நர்சரி வைத்திருக்கிறாள். கண்ணாடிக் கூரைக்குக் கீழே வரிசை வரிசையாகக் கன்றுகள், மேலே பனி மாதிரி தண்ணீர் தூவும் மெஷின். பன்னிரண்டு வருடம் அவள் தனியாளாக வளர்த்த இடம்.

காய்ச்சல் இரண்டே நாளில் நெஞ்சுக்குப் போய், மூக்கில் குழாயோடு அத்தானை வார்டில் படுக்க வைத்தார்கள். சளியில் லீஜியோனெல்லா என்ற கிருமி இருப்பதாக மருத்துவர் சொன்னார். முழுப் பெயரைச் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளும் என்பதால் நாங்கள் லீஜி என்போம். வெதுவெதுப்பாக, அசையாமல் நிற்கும் தண்ணீரில் அது சொகுசாகப் பெருகும். அந்தத் தண்ணீர் தூவலாகச் சிதறி, மூச்சோடு உள்ளே போனால் ஆளையே சாய்த்துவிடும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. எங்கேயோ ஒரு தண்ணீர்தான் காரணம்.

எங்கேயோ என்று நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா? வார்டு வாசலில், அழுது முகம் வீங்கி நின்ற அக்காவிடம் நான் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"உன் மெஷின்தான்க்கா. வேற எதுவா இருக்கும்? தண்ணிய தூவிக்கிட்டே இருக்கு இல்ல?"

அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "நெஜமாவா சொல்றே?" என்றாள். இருபத்திரண்டு வருட அனுபவம் என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சுகாதாரத் துறையிலிருந்து ஆட்கள் வந்து முடிவு தெரியும்வரை நர்சரியைப் பூட்டச் சொன்னபோதும் எதிர்த்துப் பேசவில்லை. மெஷின் நின்று காய்ந்தது. அக்கா காலையில் ஒரு மணி நேரம் மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு போய், கேனில் தண்ணீர் சுமந்து, ஆயிரக்கணக்கான கன்றுகளுக்குக் குவளையால் ஊற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவாள். வேறு இடத்தில் லீஜி கிடைத்தால் நர்சரி பிழைக்கும், கிடைக்காவிட்டால் நிரந்தரப் பூட்டு என்று நிலைமை.

ஆஸ்பத்திரியில் அத்தானின் கிருமியை வளர்த்து எங்கள் கூட்டு ஆராய்ச்சிக்கே அனுப்பினார்கள். நோயாளி போன இடங்களின் தண்ணீரில் இதே கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரம் ஒரு படிவம் அனுப்பினார். கடைசிப் பதினான்கு நாள் எங்கெல்லாம் வேலை செய்தார் என்று கேட்டு எழுதவேண்டும். நான் கட்டிலோரம் உட்கார்ந்து எழுதினேன். மூச்சு வாங்க வாங்க அத்தான் சொன்னார். நர்சரி. உடற்பயிற்சிக் கூடத்து ஷவர். ஹோட்டல் நீரூற்று. பல் மருத்துவர் நாற்காலிக்குப் போகும் குழாய். ஒரு அலுவலகத்து மாடித் தொட்டி. கார் கழுவும் இடம். ஆறு ஆயிற்று.

அத்தான் கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். "அப்புறம்... உங்க எடம்?"

"அது எதுக்கு அத்தான்" என்று பேனாவை மூடினேன்.

அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் ஆய்வகத்து மூலையில் அவசர ஷவர் ஒன்று உண்டு. யார்மேலாவது அமிலம் கொட்டிவிட்டால் ஓடிப்போய்க் கைப்பிடியை இழுத்தால் மேலேயிருந்து தண்ணீர் கொட்டும், முகம் கழுவத் தனியாக இரண்டு சிறு குழாயும் பீய்ச்சும். வாரம் ஒரு முறை கால் மணி நேரம் இதைத் திறந்துவிட வேண்டும் என்பது சட்டம். திறந்ததற்கு அங்கே தொங்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அது என் பொறுப்பு. கையெழுத்து வாராவாரம் தவறாமல் போட்டேன். தண்ணீரைத்தான் திறக்கவில்லை. அதற்கு அடியில் வடிகால் கிடையாது. திறந்தால் தரையெல்லாம் குளம், துடைப்பது நான். முதலில் ஒரு வாரம் விட்டேன். பிறகு ஏழு மாதம் ஆகிவிட்டது.

அத்தானுக்குக் காய்ச்சல் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், திடீரென்று பாதுகாப்புச் சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்றார்கள். போய்க் கைப்பிடியை இழுத்தேன், அசையவில்லை. பராமரிப்புப் பிரிவில் சொன்னால் 'போன வாரம் ஓடியது என்று எழுதியிருக்கிறீர்களே' என்பார்கள். அதனால் சனிக்கிழமை, யாரும் இல்லாதபோது, பின்வாசல் வழியாக அத்தானைக் கூப்பிட்டேன். அவர் கீழே நின்று ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினார். ஏழு மாதத் தண்ணீர் பழுப்பாக அவர் தலையில் கொட்டியது. இருமிக்கொண்டே, சிரித்துக்கொண்டே நின்றார். "டாக்டரம்மா, இந்த மாசக் குளியல் முடிஞ்சது!" நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். திங்கட்கிழமை சோதனையில் எங்கள் ஷவருக்குப் பாராட்டு வேறு கிடைத்தது.

அப்போதே உறைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். உறைக்கவில்லை. கிருமி வளர்க்கிற இடத்தில் கிருமி இருக்காது என்று நம்பும் ஒரே பிறவி, கிருமி வளர்ப்பவள்தான். எங்கள் வீட்டுப் பாட்டிலில் ஒரு புள்ளி முளைத்ததில்லையே! எழுதினால் கையெழுத்து விவகாரம் வெளியே வரும், எழுதாவிட்டால் ஆராய்ச்சிக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

நோயாளி என் சொந்தக்காரர் என்பதால் பாட்டில் எடுக்க நான் போகக் கூடாது. அவசரமே நேரில் வந்தார். வெடவெடவென்று ஒல்லியாக, நிற்க நேரமில்லாத ஒரு ஆளைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். வந்தவர் நல்ல கனமான உடம்பு; எங்கள் மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். ஆறு இடத்திலும் தண்ணீர் பிடித்துவிட்டு, கடைசியாக எங்கள் ஆய்வகத்துக்கு வீட்டுப் பாட்டிலோடு வந்தபோது நான் சிங்க் முன்னால் கை கழுவிக்கொண்டே பேச ஆரம்பித்தேன். இரண்டு வருடத்துப் பாக்கி அல்லவா. அவர் போன மாசம் தாமதித்த முடிவு, அவர் தொலைத்த தட்டு, அவருடைய மெஷினின் லட்சணம் என்று ஒவ்வொன்றாக எடுத்து விட்டேன். முடித்துத் திரும்பும்போது அவர் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தார். வெளியே போய் எண் ஒட்டி, எட்டுப் பாட்டில்களையும் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போனார்.

நாலாம் நாள் காலை பெட்டியைத் திறந்தேன். மூன்றாம் தட்டில் சம்பந்தமில்லாத ஏதோ இரண்டு புள்ளி. மற்றவை சுத்தம். ஏழாம் தட்டில் மட்டும் கறுப்புத் தரை முழுக்க வெளிர்நீலமாக, உடைத்த கண்ணாடித் துண்டுகள் போல மின்னிக்கொண்டு லீஜி. எண்ணினேன், நூற்றுப் பத்து வரை. அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை.

இது நர்சரிதான் என்று முடிவே கட்டிவிட்டேன். அக்காவின் பன்னிரண்டு வருடம் என் உள்ளங்கை அளவுத் தட்டில் இருந்தது. கை தவறிக் கீழே போட்டேன் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் ஆறிப்போனது. பிறகு எழுந்து, 'எண் ஏழு, லீஜி, ஏராளம்' என்று எழுதி, தட்டைக் கட்டி மரபணு படிக்க அனுப்பினேன். தட்டில் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. தாளில் சொல்லும் பழக்கம்தான் இருந்தது. அன்றைக்கு அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆறு நாள் கழித்துக் கூட்டம். தலைவி அறையில் நானும் அவரும், கம்ப்யூட்டர் திரையில் அவசரம். அவர் முகத்தில் வழக்கமான பரபரப்பு இல்லை.

"ஒண்ணாம் நம்பர் உங்க அக்கா நர்சரி. எதுவும் இல்ல."

எனக்கு நாற்காலியிலிருந்து துள்ள வேண்டும்போல இருந்தது. இரண்டு, மூன்று என்று படித்துக்கொண்டே போனார். ஒன்றிலும் லீஜி இல்லை.

"ஏழு..." என்று நிறுத்தினார். "ஏழு உங்க வீட்டுப் பாட்டில் மேடம். மரபணு நோயாளியோடதுக்கு அச்சு அசலா ஒத்துப்போகுது. ஒரு எழுத்துகூட மாறல."

"எங்க சிங்க் தண்ணியா? சான்ஸே இல்ல" என்றேன்.

"சிங்க்ல எங்க பிடிக்க விட்டீங்க? நீங்கதான் அதை விட்டு நகரவே இல்லையே. மூலையில முகம் கழுவுற குழாய் ஒண்ணு இருந்துச்சு, அதுல பிடிச்சேன்."

ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதையாக, நான் ஊர்ப் பாட்டில்களையெல்லாம் மோந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நோயாளி நம்ம ஆய்வகத்துக்கு வந்ததே இல்ல. லிஸ்ட்லயும் இல்ல. அப்ப இது ஒண்ணுதான். நோயாளியோட தட்டு நம்ம மேஜையிலதான் இருந்துச்சு. அதுலருந்து இதுக்குத் தாவியிருக்கு. கலப்படம்."

அவசரம் கொண்டாடப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு வருடமாக அவர் சொல்லிக்கொண்டிருந்ததுதானே. ஆனால் மெதுவாக, "எல்லாருக்கும் நடக்கிறதுதான் மேடம், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏழாம் பாட்டிலை ஒதுக்கிவிட்டு அறிக்கை எழுதுவது என்று முடிவானது. அப்படியானால் நர்சரி என்ன ஆகும் என்று கேட்டேன். மெஷின் காய்ந்த பிறகு எடுத்த தண்ணீர் என்பதால் அதில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு இடமும் கிடைக்கவில்லை, பூட்டு பூட்டாகவே இருக்கட்டும் என்றார் தலைவி. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கையெழுத்துப் போடலாம் என்று எழுந்தார்.

நான் மூலைக்குப் போனேன். தாள் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு மாதக் கையெழுத்துகளும் ஒரே சீராக, அழகாக இருந்தன. குழாயைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம், தட்டுகளை ஆவியில் வேகவைத்துச் சுத்தம் செய்யும் அடுப்பு அறை. லீஜிக்கு இதைவிடச் சொகுசான வீட்டை நானே நினைத்துக் கட்டினாலும் கட்ட முடியாது. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் கை சுத்தமில்லாதவள் என்ற பெயரோடு போய்விடும். பொய்க் கையெழுத்துக்காரி என்ற பெயர் வராது. இரண்டில் எது மேல் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா ஃபோன் செய்தாள்.

"முடிவு வந்துடுச்சாடீ?"

"உன் தண்ணியில இல்லக்கா. ஆனா உறுதியா சொல்ல முடியலையாம்."

"பரவால்ல விடு. நீதான் மொத நாளே சொல்லிட்டியே, மெஷின்தான்னு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். கழட்டி எடுத்துட்டுப் போக ஆள் வரச் சொல்லிட்டேன். செடியெல்லாம் பாதி போயிடுச்சு. அவரு பொழைச்சு வந்தா போதும்." பிறகு, "என்னால இவருக்கு இப்படி ஆயிடுச்சேன்னுதான்டீ தூக்கமே வரல" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அளவு வெட்கம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. "ஆளை வர வேண்டாம்னு சொல்லுக்கா, மெஷினைத் தொடாதே, நான் சாயங்காலம் வரேன்" என்று வைத்துவிட்டு, தாளைக் கொக்கியோடு பிடுங்கிக்கொண்டு தலைவி அறைக்குப் போனேன். சோற்றில் கை வைத்திருந்தவரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சனிக்கிழமை, பின்வாசல், ஸ்பேனர், பழுப்புத் தண்ணீர், எழுதாமல் விட்ட ஏழாவது இடம். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப உன் கை சுத்தம்தான்" என்றார். கை சுத்தம் என்பதைப் பாராட்டாக அவர் சொல்லவில்லை. ஷவருக்குப் பூட்டு, எனக்கு விளக்கக் கடிதம், என் கையெழுத்துக்கு ஆறு மாத ஓய்வு என்று அங்கேயே உத்தரவானது. அவசரத்துக்கு நானே ஃபோன் செய்தேன். "சார், கொஞ்சம் அவசரம்" என்று ஆரம்பித்தேன். அவர் கேட்டு முடித்து, "இதைச் சொல்லாம இருந்திருக்கலாமே மேடம்" என்றார். பிறகு, "நல்லவேளை சொன்னீங்க" என்றும் சொன்னார்.

மாலையில் வார்டுக்குப் போனபோது அத்தான் எழுந்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாள்தான் மூக்குக் குழாயை எடுத்திருந்தார்கள். படிவத்தை நீட்டி, "ஏழாவது எடத்தை எழுதிட்டேன் அத்தான். பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

அவர் படித்துப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "எனக்கு அன்னிக்கே தோணிச்சு. வாயில எல்லாம் பூந்துச்சு அந்தத் தண்ணி. உன் வேலைக்கு ஏதாவது ஆயிடுமேன்னுதான் நானும் விட்டுட்டேன்."

அக்கா படிவத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். எழுத்துக் கூட்டிப் படிப்பவள் மாதிரி நிதானமாகப் படித்தாள். அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்ப உங்க ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றாள். "நான் மட்டும்தான் குவளையால ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். நான் அழுதேன். அக்கா அழவில்லை. படிவத்தை மடித்து என்னிடம் கொடுத்தாள். "இனிமே வாராவாரம் அந்தத் தண்ணிய தொறக்கும்போது எனக்கு ஃபோன் பண்ணு. நீ ஒண்ணும் பேச வேணாம். சத்தத்தை நான் கேக்கணும். கால் மணி நேரம்" என்றாள். அத்தோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள்.

குழாயை மாற்றி, கொதிநீரும் மருந்தும் விட்டுக் கழுவி, அடியில் வடிகாலும் வெட்டினார்கள். அந்த மாதமே நர்சரியின் பூட்டு திறந்தது. அத்தான் வேலைக்குப் போக ஆரம்பித்தார், மாடிப்படி மட்டும் இரண்டு தவணையில் ஏறுகிறார். என் கையெழுத்துக்குத்தான் ஓய்வு, என் கைக்கு இல்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் முகக்கவசத்தோடு மூலையில் நின்று கைப்பிடியை இழுப்பேன், அக்காவுக்கு ஃபோன் போடுவேன், அதைத் தண்ணீர்ப் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் எடுப்பாள். ஒரு வார்த்தை வராது. அந்தப் பக்கம் மெஷின் தூவும் ஓசை மட்டும் லேசாகக் கேட்கும். கால் மணி ஆனதும் வைத்துவிடுவாள். கூடவே நிற்கும் தலைவி தாளில் கையெழுத்துப் போடுவார். இப்படி ஒன்பது திங்கட்கிழமை போனது.

பத்தாவது வாரம் கை வலிக்கிறதே என்று பதினோராம் நிமிடத்தில் கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

"ஏய்" என்றது ஃபோன். "இன்னும் நாலு நிமிஷம் இருக்குடீ."

அழுதுகொண்டே நான் குழாயை முழுசாகத் திறந்தேன்.